சோதனைக்குச் சிக்காத மலேரியா

கேள்வி: மருந்தை எதிர்க்கும் கிருமிகள் உண்டு என்று தெரியும். நாம் செய்யும் பரிசோதனை கூடக் கிருமியை மாற்றுமா?
– வாசகி, தருமபுரி

பதில்: மாற்றும். மைக்ராஸ்கோப்பில் ரத்தத் தடவல் பார்த்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். அதனால் இந்த விஷயம் என்னை ரொம்பவே உலுக்கியது.

ஃபால்சிபாரம் என்பது மலேரியாவில் ஆபத்தான வகை. ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டுக் கோடு விழுகிறதா என்று பார்ப்பதுதான் கார்டு டெஸ்ட். ஃபால்சிபாரத்துக்கான கார்டு பெரும்பாலும் அந்த ஒட்டுண்ணி சுரக்கும் ஹெச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைத்தான் தேடும். அந்தப் புரதத்துக்கான மரபணுவும், அதைப் போன்ற ஹெச்.ஆர்.பி.3 மரபணுவும் இல்லாத ஒட்டுண்ணிகள் உண்டு. அவை உடம்பில் இருந்தாலும் கார்டில் கோடு விழாது. 'மலேரியா இல்லை' என்று நோயாளியை அனுப்பிவிடுவார்கள். கோடு விழுந்தவருக்கு மருந்து கிடைக்கும், அவர் உடம்பிலுள்ள ஒட்டுண்ணி அழியும். விழாதவரைக் கடித்த கொசு அடுத்த வீட்டுக்குப் போகும். ஒட்டுண்ணி எதையும் திட்டமிடவில்லை. சல்லடை போல நாம்தான் பிரித்துவிட்டோம்.

ஆப்பிரிக்க நாடான எரித்திரியாவின் கிண்டா மருத்துவமனையில் 2016-ல் ஆராய்ந்த ஃபால்சிபாரம் நோயாளிகளில் சுமார் 80 சதவீதத்தினரிடம் ஹெச்.ஆர்.பி.2 மரபணு இல்லாத ஒட்டுண்ணி இருந்தது. எத்தனை பேர் மருந்தில்லாமல் வீடு திரும்பியிருப்பார்கள்! அந்த நாடு அதே ஆண்டு வேறு புரதத்தைத் தேடும் கார்டுக்கு மாறியது.

கார்டு டெஸ்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. லேப் இல்லாத மலைக்கிராமத்தில் அது உயிர் காக்கிறது. ஆனால் கார்டில் 'இல்லை' என்று வந்தும் குளிர்காய்ச்சல் விடவில்லையா? ரத்தத் தடவல் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.