எண்டோஸ்கோபியில் இரைப்பைக்குள் பாலிப் இருக்கிறது, புற்றுநோய் இல்லை என்கிறார்கள். அப்படியானால் ஏன் வந்தது?

பாலிப் என்பது நோயின் பெயரல்ல, உருவத்தின் பெயர். இரைப்பையின் உட்சுவரில் புடைத்து நிற்கும் எதையும் அப்படித்தான் எழுதுவார்கள். காரணம் தெரிய பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘தீங்கற்றது’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அது பாதி ரிப்போர்ட்தான். வகையைக் கேட்டு வாங்குங்கள்.

‘ஃபண்டிக் கிளாண்ட் பாலிப்’ என்றிருந்தால் மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள். ஓமெப்ரசோல், பேன்டோபிரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மாத்திரைகளை ஓராண்டுக்கு மேல் விடாமல் எடுப்பவர்களிடம் இது அதிகம். அமிலம் குறைந்ததும் உடல் காஸ்ட்ரின் ஹார்மோனைக் கூட்டும். அந்தத் தூண்டுதலில் அமிலம் சுரக்கும் செல்கள் பருத்து, சுரப்பியின் குழாய்க்குள் பிதுங்கும். வழி அடைபட்ட சுரப்பி குட்டி நீர்ப்பையாக உப்பிவிடும். பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். புற்றுநோயாக மாறுவது மிக அரிது. இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கலாம். வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ எடுப்பவருக்கு இந்த மாத்திரைதான் புண்ணுக்கும் ரத்தக்கசிவுக்கும் காவல்.

ஆனால் 40 வயதுக்குள் இதே வகை கொத்துக் கொத்தாக இருந்தால் பெருங்குடலிலும் ஏராளமாகப் பாலிப்களை முளைக்கவைக்கும் ஏபிசி (APC) மரபணுக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது பெருங்குடலையும் கொலனோஸ்கோபியில் பார்ப்பார்கள்.

‘ஹைப்பர்பிளாஸ்டிக்’ என்றால் கதை வேறு. நெடுநாள் அழற்சியில் அரிபட்ட சவ்வு தன்னைச் சரிசெய்யப் போய் அளவுக்கு மீறி வளர்ந்தது அது. அழற்சிக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி. கிருமியை ஒழித்தால் பலருக்குப் பாலிப் சுருங்கும், சிலருக்கு மறைந்தே போகும். சோதனையில்தான் கோட்டை விடுகிறார்கள்: அமில மாத்திரை எடுத்துக்கொண்டே மூச்சுச் சோதனை செய்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். டாக்டரிடம் கேட்டு அந்த மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்திய பிறகே செய்ய வேண்டும். கிருமியே இல்லையென்றால், உடலின் எதிர்ப்பு சக்தி இரைப்பைச் செல்களையே தாக்கும் நோயா என்று பார்ப்பார்கள். பி12 குறைவு அதற்கு ஒரு துப்பு. இவ்வகைப் பாலிப் பெரிதானால் மேல்தோல் உரிந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்து ரத்தசோகை வரும். 1 செ.மீ. தாண்டினால் பொதுவாக எடுத்துவிடுவார்கள்.

‘அடினோமா’ குறைவுதான். அழற்சியால் மெலிந்து, செல்களே மாறிப்போன சவ்வில் முளைப்பது. இன்று புற்றுநோய் இல்லையென்றாலும் நாளை மாறக்கூடியது. சின்னதாக இருந்தாலும் முழுதாக எடுத்துவிட வேண்டும்.

டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: பாலிப்பிலிருந்து மட்டும் சதை எடுத்தார்களா, அதைச் சுற்றியுள்ள சவ்விலிருந்தும் எடுத்தார்களா? கிருமியும் சவ்வு மெலிவும் அந்த இரண்டாவது துண்டில்தான் தெரியும்.