1995லயே சட்டம் போட்டும் அமெரிக்க தூதரகம் ஜெருசலேம் போக ஏன் 2018 ஆச்சு?

சட்டம் பாஸ் ஆனா செஞ்சுதானே ஆகணும், ஏன் இவ்ளோ வருஷம் இழுத்தாங்கன்னு கேட்டிருக்கீங்க. பதில் அந்த சட்டத்துக்குள்ளயே இருக்கு. 1995ல செனட்ல 93க்கு 5னு பாஸ் ஆச்சு, கிளின்டன் கையெழுத்து போடாமலேயே சட்டமாயிடுச்சு. 1999 மே 31க்குள்ள ஜெருசலேம்ல தூதரகம் திறக்கணும், இல்லன்னா வெளியுறவுத் துறையோட வெளிநாட்டு கட்டடச் செலவுப் பணத்துல பாதிய நிறுத்துவோம்னு எழுதினாங்க. ஆனா தேசப் பாதுகாப்புன்னு சொல்லி அதிபர் ஆறாறு மாசமா தள்ளிப்போடலாம்னும் அதுலயே ஒரு பிரிவு, கிளின்டன், புஷ், ஒபாமா எல்லாரும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க, டிரம்பே 2017 ஜூன்ல ஒரு தடவ தள்ளிப்போட்டுட்டுத்தான் டிசம்பர் 6ல ஜெருசலேம இஸ்ரேலோட தலைநகரா அங்கீகரிச்சாரு, அதனாலதான் தூதரகம் போக 2018 ஆச்சு.

இன்னொண்ணு முக்கியம், பாஸ்போர்ட் கேஸ். 2020 வரைக்கும் ஜெருசலேம்ல பொறந்த அமெரிக்கக் குழந்தைக்கு பாஸ்போர்ட்ல ஊர் பேர் மட்டும்தான் போட்டாங்க, நாடு பேர் போடல. கேட்டா இஸ்ரேல்னு போடணும்னு 2002ல காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் கொண்டுவந்துச்சு, 2015ல உச்ச நீதிமன்றம் அத ரத்து பண்ணிடுச்சு, அங்கீகாரம் கொடுக்கிற அதிகாரம் அதிபருக்கு மட்டும்தான்னு. எனக்கு இதுதான் சரின்னு படுது, ஏன்னா கிழக்கு ஜெருசலேம பாலஸ்தீனர்களும் தலைநகரா கேக்குறாங்க, வேற நாட்டு நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு தீர்க்கிற விஷயமா இது?