பிரசவ வகுப்பில் எப்போது சேரலாம்?

கேள்வி: எனக்கு இப்போது 24 வாரம். இது முதல் குழந்தை. பிரசவ வகுப்பில் எப்போது சேருவது, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? கணவரும் வர வேண்டுமா?

பதில்: வகுப்பில் உங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள் அம்மா. 28 முதல் 32 வாரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 37 வாரம் ஆகிவிட்டால் குழந்தை என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம், அதற்குள் வகுப்பு முடிந்திருக்க வேண்டும்.

சேருமுன் ஒன்று கேளுங்கள்: சிசேரியன், வலி குறைக்கும் ஊசி பற்றியும் சொல்லித் தருவார்களா? சுகப்பிரசவம்தான் வெற்றி என்று பேசும் வகுப்பு வேண்டவே வேண்டாம். அப்படிக் கேட்டு வளர்ந்த நம்பிக்கையால், ஆபரேஷனுக்குப் பிறகு குற்ற உணர்ச்சியில் அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

கணவர் கட்டாயம் வரட்டும். என் வகுப்பில் ஒருவர், பிரசவ வலியைத் தணிக்கும் பயிற்சியாக, மனைவியின் முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்துப் பயந்து பயந்து அழுத்தினார். "இன்னும் அழுத்துங்க, இன்னும்" என்றார் அந்தப் பெண். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைப் பழகித்தான் பிடிக்க முடியும். வலியை எண்ணுவதும் அப்படித்தான். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ண வேண்டும். முடிந்ததிலிருந்து எண்ணினால் கணக்குத் தப்பிவிடும்.

வகுப்புக்குத் தளர்வான உடை, இரண்டு தலையணை, தண்ணீர் போதும். நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொல்லியிருந்தால், உடற்பயிற்சிக்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். அப்புறம், பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் போனாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.