மெர்ச்சண்டைசர், புராடக்ட் மேனேஜர் ஆகலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஒரு ஆர்டரைத் தயாரிப்பு முதல் ஷிப்மென்ட் வரை பின்தொடரும் பொறுப்பில், இருக்கிறேன். பி.டெக். டெக்ஸ்டைல் படித்தவள். பெங்களூரில் இருக்கும் தோழி, "நீ செய்வதே பாதி புராடக்ட் மேனேஜர் வேலைதான், இந்தப் பக்கம் வந்துவிடு" என்கிறாள். ஆன்லைன் சான்றிதழ் படிப்புக்கு இரண்டு லட்ச ரூபாய் கேட்கிறார்கள். எனக்குக் கோடிங் தெரியாது. சேரலாமா?

பதில்: ஒரு பொருளோ மென்பொருளோ எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதைச் செய்து முடிக்க வைப்பவர்தான் புராடக்ட் மேனேஜர். தோழி சரியாகத்தான் சொல்கிறார், பாதி என்று. மற்றப் பாதி உங்களுக்குப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று தினமும் எத்தனை பேரைத் துரத்துகிறீர்கள்! அவர்களில் பெரும்பாலோர் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் அல்ல. ஆனாலும் ஷிப்மென்ட் தேதி தவறினால் பையருக்கு (ஆர்டர் கொடுத்தவருக்கு) பதில் சொல்வது நீங்கள்தான். அதிகாரம் இல்லாமல் வேலை வாங்கும் இந்தப் பழக்கம் புராடக்ட் மேனேஜருக்கு மிகவும் தேவை. சீசன் நேரத்தில் சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப் (சாய நிற மாதிரி) வாங்கியவருக்கு மென்பொருள் பொறியாளர்களைச் சமாளிப்பது பெரிய காரியமாக இருக்காது.

ஆனால் என்ன தைப்பது என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை. ஜிஎஸ்எம் (துணியின் எடை), அளவு, லேபிள் வைக்கும் இடம் வரை எல்லாம் பையரின் டெக் பேக்கில் (ஆடையின் விவரக் குறிப்பில்) எழுதி வந்துவிடுகிறது. புராடக்ட் மேனேஜருக்கு அப்படி எதுவும் வராது. அதை எழுத வேண்டியவரே அவர்தான். கோவை கிரைண்டரைப் பாருங்கள். கனமான கல்லைத் தூக்கி மாவு வழிப்பது சிரமம் என்பதுதான் வீட்டில் இருப்பவர்களின் குறை. அதற்குக் கல்லின் எடையைக் குறைப்பதா, பாத்திரத்தையே சாய்ப்பதா, அதனால் விலை ஏறினால் வாங்குவார்களா என்று யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவு தவறாகப் போனால் பழியும் அவர்மேல்தான். இந்த நிச்சயமின்மையோடு மாதக்கணக்கில் இருக்க முடியாதவர்கள் இந்த வேலையில் வாடிப்போவார்கள். பெட்டி கட்டி லாரி ஏறுவதைப் பார்த்தால்தான் உங்களுக்கு நிம்மதி என்றால், இப்போதிருக்கும் வேலையிலேயே மேலே போவது நல்லது. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

கோடிங் பற்றிக் கவலை வேண்டாம். இந்தப் பணியின் வேரே சோப்பு வியாபாரத்தில்தான் இருக்கிறது. 1931இல் அமெரிக்காவின் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்கெல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் முழுப் பொறுப்பாளர் வேண்டும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். இன்று எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி) கொஞ்சம் தெரிந்தால் உதவும். ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் வழி) என்றால் என்ன என்று புரிந்தால் போதும்.

இரண்டு லட்சத்தைக் கட்டாதீர்கள். சான்றிதழை மட்டும் பார்த்து யாரும் இந்தப் பொறுப்பைத் தூக்கிக் கொடுப்பதில்லை. அதற்குப் பதில் உங்கள் கம்பெனியிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஆர்டர் நிலவரத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் எக்செல் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிங் மாஸ்டர், செக்கிங் சூப்பர்வைசர், சாயம் ஃபாலோ அப் பார்க்கும் அண்ணன் ஆகியோரிடம் தனித்தனியாகப் பேசி, அந்தத் தாளை உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை, வாட்ஸ்அப்பில்தான் வேலை நடக்கிறது என்று தெரியவரலாம். பிறகு எதை மாற்றுவது, எதைத் தொடவே கூடாது, ஏன் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எழுதும்போது சலிப்புத் தட்டினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் போனதே தெரியவில்லை என்றால் அந்தப் பக்கம்தான் நேர்காணலில் உங்கள் முதல் ஆதாரம்.

அடுத்து, நேராகப் பெங்களூருக்கு ஓட வேண்டாம். ஆடைத் தொழிலுக்கு ஈஆர்பி மென்பொருள் (ஆர்டர், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்துவது) செய்யும் நிறுவனங்களில், அதை வாடிக்கையாளர் இடத்தில் நிறுவிக்கொடுக்கும் இம்ப்ளிமென்டேஷன் பிரிவுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். துணிச் சுருக்கமும் கன்சம்ப்ஷன் கணக்கும் (ஒரு ஆடைக்கு எவ்வளவு துணி ஆகும் என்பது) தெரிந்த ஆள் அங்கே அரிது. சம்பளம் தொடக்கத்தில் இப்போதையதைவிடக் குறையலாம். வீட்டுக் கடன் ஏதும் இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் புராடக்ட் குழுவுக்கு நகர்வது, வெளியிலிருந்து கதவைத் தட்டுவதைவிட எளிது.

பதவிப் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சில இடங்களில் புராடக்ட் மேனேஜர் என்று எழுதிவிட்டு, வாடிக்கையாளர் சொன்னதைக் குறித்துக்கொடுக்கும் வேலையைத்தான் தருகிறார்கள். "கடந்த ஆறு மாதத்தில் எந்தக் கோரிக்கையை மறுத்தீர்கள், மறுத்தது யார்?" என்று நேர்காணலில் கேளுங்கள். "முதலாளிதான்" என்று பதில் வந்தால் அங்கே உங்களுக்குக் கிடைப்பது இன்னொரு மெர்ச்சண்டைசர் வேலை.