வாசகர் கேள்வி: எல்லா வயதிலும் சாவு குறைந்தும் இறப்பு வீதம் ஏறுவது ஏன்?

கேள்வி: எந்த வயதினரை எடுத்தாலும் இறப்பு குறைந்திருக்கிறது என்கிறார்கள். ஆனால் ஆயிரம் பேருக்கு இத்தனை இறப்பு என்ற எண் மட்டும் ஏறுகிறது. கணக்கில் பிழையா?

பதில்: பிழை இல்லை. அந்த எண்ணுக்குள் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன: ஒவ்வொரு வயதிலும் சாகும் வாய்ப்பு, அந்தந்த வயதில் இருப்பவர்களின் பங்கு.

ஒரு லட்சம் பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 60 வயதுக்குக் கீழ் 90,000 பேர், மேல் 10,000 பேர். இறப்பு வீதம் ஆயிரத்துக்கு முறையே 3, 40. ஆக 270 + 400 = 670 இறப்பு; வீதம் 6.7. பிறகு மொத்தம் மாறாமல் முதியோர் 20,000 ஆகிறார்கள், மற்றவர்கள் 80,000. வீதங்கள் 2, 30 ஆகக் குறைகின்றன. இறப்பு 160 + 600 = 760; வீதம் 7.6.

இந்த 0.9 உயர்வைப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் பங்கில் வந்த மாற்றத்தை இரு கால வீதங்களின் சராசரியால் பெருக்கிக் கூட்டினால் +3.25. வீதத்தில் வந்த மாற்றத்தைச் சராசரிப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் −2.35. மக்கள்தொகை மூப்படைந்தது எண்ணை ஏற்றியது. உயிர் காத்ததன் பலன் அதில் பெரும்பகுதியை இறக்கியது. அமெரிக்க மக்கள்தொகை ஆய்வாளர் எவலின் கிட்டகாவா 1955-இல் தந்த முறை இது. மொத்த வீதத்தை மட்டும் காட்டி மருத்துவத்துறையைக் குறை சொல்வது அநியாயம்.

ஜப்பானில் இந்த வீதம் 12-ஐத் தாண்டும், கத்தாரில் 2-க்கும் கீழே. ஆனால் நீண்ட ஆயுள் ஜப்பானியர்களுக்குத்தான். கத்தாரில் பெரும்பாலோர் வேலைக்கு வந்த இளவயதினரும் நடுவயதினரும்.

கேள்வி: அப்படியானால் இரண்டு ஊர்களை எப்படி ஒப்பிடுவது?

பதில்: இரண்டின் வயதுவாரி வீதங்களையும் ஒரே வயது அமைப்பின் மீது பொருத்துங்கள். மேலே உள்ள ஊரில் பழைய அமைப்பையே வைத்தால் 6.7 என்பது 4.8 ஆக இறங்கும். 4.8 ஒப்பிட மட்டுமே. உண்மையில் இறந்தவர்களின் கணக்கு அல்ல.

பலரும் சறுக்குவது வயதுப் பிரிவில். '60-க்கு மேல்' என்று நிறுத்தினால், அதற்குள் 85 வயதினர் பெருகுவது கண்ணில் படாமல் போய், வீதமே கூடியதாகத் தோன்றும். ஐந்தைந்து வருடமாக, 85 வரையாவது பிரியுங்கள். இறந்த இடத்தை வைத்து எண்ணாதீர்கள். பெரிய மருத்துவமனை உள்ள ஊருக்கு அக்கம்பக்கத்து இறப்பெல்லாம் சேர்ந்துவிடும். வசித்த இடம்தான் கணக்கு. சிற்றூரானால் மூன்று வருட இறப்புகளைச் சேர்த்து, அந்த மூன்று வருடங்களின் நடுவருட (ஒவ்வொரு வருடத்தின் நடுவில் இருந்த) மக்கள்தொகைக் கூட்டுத்தொகையால் வகுங்கள். ஒரே வருடத்தில் நாலைந்து இறப்பு கூடினாலும் வீதம் தாறுமாறாகும்.