கவலைப்பட்டா விசுவாசம் இல்லைன்னு அர்த்தமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு, வீட்டு லோன் இஎம்ஐய நகைய அடகு வச்சுத்தான் கட்டுறோம், ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்ல. எங்க சபை பெண்கள் ஐக்கிய சங்கத்துல இதைச் சொல்லி அழுதேன், "ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்கன்னு வேதத்துலயே இருக்கு, உங்களுக்கு விசுவாசம் பத்தல"ன்னு ஒருத்தங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. இப்ப ஜெபம் பண்ண உக்காரவே கூச்சமா இருக்கு. – வாசகி, நாகர்கோவில்

பதில்: அவங்க சொன்னது பிலிப்பியர் 4:6, பிலிப்பி ஊர் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதுன லெட்டர். எழுதுன பவுல் அப்போ சிறைக்காவல்ல இருந்தாரு. அதே லெட்டர்ல ரெண்டாம் அதிகாரத்தையும் படிங்க தங்கச்சி, பிலிப்பி சபை கொடுத்தனுப்புன உதவிய எடுத்துட்டு வந்த எப்பாப்பிரோதீத்து சாகுற அளவுக்கு நோயில விழுந்துட்டாரு, அவரு பிழைக்கலன்னா எனக்குத் துக்கத்து மேல துக்கம் வந்திருக்கும்னு பவுலே எழுதுறாரு. இன்னொரு லெட்டர்ல (2 கொரிந்தியர் 11:28) சபைகளைப் பத்தின கவலை தினமும் என்னை நெருக்குதுன்னும் சொல்றாரு. அப்போ பவுலுக்கும் விசுவாசம் பத்தலையா? உங்க சங்கத்துல கேட்டுப் பாருங்க, பதில் வராது.

அந்த வசனம் உங்களைத் திட்டுறதுக்கு இல்ல, மனசுல இருக்கிறத மறைக்காம ஆண்டவர்கிட்ட சொல்லுங்கன்னுதான் அது சொல்லுது, சமாதானம் அதுக்கு அடுத்த வசனத்துலதான் வருது. இன்னொண்ணு, அதே அதிகாரத்துல கொஞ்சம் கீழ வந்தா, கஷ்டத்துல எனக்கு அனுப்புனீங்களேன்னு பவுல் நன்றி சொல்றாரு. அவ்ளோ பெரிய அப்போஸ்தலரே கை நீட்டி வாங்கியிருக்காரு, நமக்கு என்ன வெக்கம்? அதனால ஆயரைத் தனியா பாத்துப் பேசுங்க. தவணை தவறுறதுக்கு முன்னாடியே பேங்க்குக்குப் போய் மாசத் தொகையக் குறைச்சு வருஷத்த நீட்ட முடியுமான்னும் கேளுங்க, வட்டி கூடத்தான் ஆகும், ஆனா மிச்சம் இருக்கிற நகை வீட்டுல இருக்கும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு சங்கீதம் 13 படிங்க, மொத்தமே ஆறு வசனம்தான். ஆரம்பத்துலயே தாவீது நாலு தடவ "எதுவரைக்கும்"னு கேக்குறாரு, அதுல ஒண்ணு "எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்"னு. நீங்க படுத்துக்கிட்டு கணக்குப் போடுறீங்களே, அதேதான். இப்படிக் கேட்டவரை ஆண்டவர் அடிக்கல, அந்தக் கேள்வியே ஆராதனையில படிக்கிற பாட்டாயிடுச்சு.

கேள்வி: டாக்டர் டென்ஷனுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காரு. போட்டா ஆண்டவர நம்பலன்னு ஆகிடுமான்னு பயமா இருக்கு. – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே"ன்னு சாகக் கேட்டப்போ தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணல. எழுப்பி, தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் கொடுத்தான், சாப்பிட்டுட்டு திரும்பப் படுத்தவரை ரெண்டாவது தடவயும் எழுப்பி சாப்பிட வச்சான் (1 இராஜாக்கள் 19). உடம்பு சோர்ந்தா உடம்பத்தான் முதல்ல பாக்கணும். பவுல் கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. மாத்திரைய டாக்டர் சொன்னபடி போடுங்க, நல்லாயிட்ட மாதிரி இருக்குன்னு நீங்களா நிறுத்தாதீங்க. வாழவே பிடிக்கலன்னு எப்பவாவது தோணுனா அந்த நிமிஷமே வீட்டுல யாருகிட்டயாவது சொல்லுங்க, 14416க்கு போன் பண்ணுங்க, அது அரசாங்கத்தோட இலவச டெலி மானஸ் லைன், தமிழ்லயே பேசுவாங்க.

கேள்வி: ஜெபத்துல வார்த்தையே வரல. டிவி பிரசங்கம் கேட்டா போதுமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: வார்த்தை வராட்டி சும்மா உக்காருங்க, எப்படி வேண்டணும்னு நமக்குத் தெரியாதப்போ ஆவியானவரே நமக்காக வேண்டுறாருன்னு சொல்ற ரோமர் 8:26 அந்த மாதிரி ஆளுங்களுக்காகவே எழுதுனது. பிரசங்கம் கேளுங்க, வேணாம்னு சொல்லல, படுக்கப்போற நேரத்துல மட்டும் வேணாம், சிலர் போடுற சத்தத்துல வர்ற தூக்கமும் ஓடிடும்.