வேலைநிறுத்தத்தின் நடுவே புது ஆட்களை எடுக்கலாமா?

நண்பரே, நீங்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கும்போதே ஒப்பந்த ஆட்களைப் பேருந்தில் ஏற்றிவந்து உங்கள் லைனில் நிறுத்துகிறார்கள், இது செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைநிறுத்தம் சட்டப்படி நடந்தால் செல்லாது. 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையே அதை முறையற்ற செயல் என்றது. அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே இருக்கிறது. சிக்கல், உங்கள் வேலைநிறுத்தம் சட்டப்படி நடக்கிறதா என்பதில்தான். 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்தீர்களா? சமரசப் பேச்சு நடக்கும்போதே வெளியே வந்துவிட்டீர்களா? நிர்வாகத்தின் வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான்.

அப்புறம், திரும்ப உள்ளே விட நன்னடத்தைப் பத்திரம் நீட்டுவார்கள். சங்கத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படிக் கட்டாயப்படுத்துவதும் அதே முறையற்ற செயல்களின் பட்டியலில் வருகிறது. பேருந்து வரும் தேதி, நேரம் எல்லாம் குறித்துத் தொழிலாளர் உதவி ஆணையரிடம் எழுத்தில் கொடுங்கள். கேட்டை மட்டும் மறிக்க வேண்டாம், தடையாணை வாங்கிவிடுவார்கள்.